இந்தக் கற்கள் எதற்கு?

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே, முந்திரித் தோப்புகள் சூழ அமைந்துள்ளது காடாம்புலியூர். சில திங்களுக்கு முன் அவ்வழியே பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். எனக்கு முன் இருக்கையில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். கழுத்தில் பழைய உத்தரியம். மடியில் ஒரு துணிப்பை. சன்னல் வழியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தவண்ணம் இருந்தார். காடாம்புலியூரும் வந்தது, அதனைக் கடந்து பேருந்து விரைந்தது. பயணச் சீட்டைப் பார்வையிட்ட நடத்துநர் திடுக்கிட்டார்.

"என்ன பாட்டி, உங்க எடம் அப்பவே போயிடுச்சே! எறங்கலியா?"

"மரம் வந்தா எழுந்துக்கலாம்னு உக்காந்திருந்தேன் தம்பி. மரமே வரலியே!"

பேருந்தில் சிலர் சிரித்தனர். நடத்துநர் நல்லவர், வண்டியை நிறுத்தி அவரைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார். அகன்ற சாலையின் ஓரத்தில், நிழல் இல்லாத வெயிலில், எத்திசை செல்வதென்று தெரியாமல் அந்த அம்மையார் நின்ற கோலம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது வெட்டப்பட்ட புளியமரங்களுள் ஒன்றே அவர் தேடிய மரம். அவருக்கு அது வெறும் மரமன்று. மணமுடித்து வந்த நாள்முதல் அவர் ஊரின் வாசலே அதுதான்.

சாலை அகலமாவது தவறென்று நான் கூறவில்லை. பிணியாளரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல நல்ல சாலை வேண்டும். ஆயினும் ஓர் அடையாளம் மறையும்போது, அதை நம்பி வழி கண்டவர்கள் திசை தடுமாறுகின்றனர் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். தனி மனிதருக்கு நேர்வது ஊருக்கும் நேரும்; பங்கிற்கும் நேரும். இதனைச் சிந்திக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கடலூரே நமக்குப் பாடசாலை.

கடலூரில் கெடிலம் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், தேவனாம்பட்டினத்தின் அருகே, புனித தாவீது கோட்டை என்றொரு கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டு, சென்னையில் எலிகு யேல் ஆளுநராயிருந்த காலத்தில், ஆங்கிலேயக் கம்பெனியார் அதனைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். எல்லையை வரையறுத்த முறை விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுற்றிலும் சுட்டு, குண்டு எட்டிய தொலைவு வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமெனக் கொண்டனர். அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும், கடலூரின் குண்டு சாலையும் அந்நாளை நினைவூட்டுவன என்பர்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டையே. 1752 வரை அச்சிறப்பு அதற்கு இருந்தது. 1756-இல் இராபர்ட் கிளைவு இங்கே ஆளுநராக அமர்ந்தார். சென்னை இந்தக் கடலூருக்குக் கீழ்ப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டென்று இன்று நம் பிள்ளைகளிடம் கூறினால் நம்புவார்களா?

1758-ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரெஞ்சுத் தளபதி இலாலி கோட்டையைப் பிடித்தார். பிடித்ததோடு நில்லாமல் இடித்துத் தகர்த்தார். ஆங்கிலேயர் அதை மறக்கவில்லை. 1761 சனவரியில் புதுச்சேரி அவர்கள் கையில் வீழ்ந்தபோது, பழிக்குப் பழியாக அந்நகரையே தரைமட்டமாக்கினர். அந்தப் பழிவாங்கலில் நம் சம்பா கோயிலும் தப்பவில்லை. இன்று புதுவையில் நாம் காணும் அமலோற்பவ அன்னை பேராலயம், பழைய கோயிலின் அடிப்படைமீது மீண்டும் எழுப்பப்பட்டு 1791-இல் நிறைவு பெற்றது. ஓர் ஊர்க் கோட்டைக்கு வைத்த வெடி, இன்னோர் ஊர்க் கோயிலின் கூரையை வீழ்த்தியது. பகைமையின் கணக்கு என்றும் இப்படித்தான் வட்டியோடு தீர்க்கப்படுகின்றது.

கடலூர்க் கத்தோலிக்கர் அதற்கு முன்பே ஓர் இழப்பைக் கண்டிருந்தனர். சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமான 1749-ஆம் ஆண்டில், பிரெஞ்சுக்காரர்க்குத் துணைபோகின்றவர்கள் என்னும் ஐயத்தால் கத்தோலிக்கரின் கோயில்கள் பறிக்கப்பட்டன. கடலூரில் நம் முன்னோர் செபித்துவந்த கோயில், சீர்திருத்த சபையின் போதகர் கீர்நாந்தர் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1758-இல் பிரெஞ்சுப் படை வந்தபோது அப்போதகரும் தம் உழைப்பையெல்லாம் விட்டுக் கடலூரை நீங்கி, இறுதியில் கல்கத்தா சென்று சேர்ந்தார். பறிகொடுத்தவர் கண்ணீரும் பெற்றவர் கண்ணீரும் பத்தாண்டுக்குள் ஒரே மண்ணில் வீழ்ந்தன.

இதுவரை படித்த வாசகர் சிலர், 'நம்மவர்க்கு எத்துணை அநீதி!' என்று பெருமூச்செறிந்திருக்கலாம். ஆனால், நினைவு என்பது நமக்கு நேர்ந்த தீங்கை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதன்று. நம்மால் நேர்ந்த தீங்கையும் அது மறைக்கலாகாது.

புதுச்சேரியில் சம்பா கோயிலை ஒட்டி வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. சைவ மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்ட இடம் அது. 1748-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில், போரைக் காரணம் காட்டி ஆளுநர் தூப்ளேயின் ஆட்சி அக்கோயிலை இடித்தது. நம் குருக்களும் அச்செயலில் முன்னின்றனர் என்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து தெரிகின்றது. பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின் நம் கோயிலும் இடிந்தது. இதனை இறைவன் தந்த தண்டனை என்று சொல்லத் துணியேன். ஆனால், தன் கோயில் இடிந்ததற்கு அழுகிறவன், பிறன் கோயில் இடிந்ததற்கும் அழக் கற்க வேண்டும் என்பேன். 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் திருச்சபையின் மக்கள் செய்த பிழைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நாம் தலைகுனிந்தால் திருச்சபை சிறுத்துவிடாது என்பதை அன்று அவர் உலகுக்குக் காட்டினார்.

இத்தகைய இடிப்பு நம் பகுதிக்குப் புதியதுமன்று. இன்று திருப்பாதிரிப்புலியூர் என வழங்கும் பாடலியில் ஒரு காலத்தில் சமணம் செழித்திருந்தது. 'லோகவிபாகம்' என்னும் சமண நூல் கி.பி. 458-இல் அங்கே எழுதப்பட்டது. பின்னர்ச் சைவந் தழுவிய பல்லவ மன்னன் அங்கிருந்த சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எழுப்பினான் என்று பெரிய புராணத்தில் சேக்கிழார் கூறுகின்றார். ஆகவே, இடித்தவர் ஒரு சமயத்தார் இழந்தவர் ஒரு சமயத்தார் என்று கணக்கை முடித்துவிட முடியாது. ஒவ்வொரு கல்லும் ஒரு முறையேனும் கைமாறியிருக்கின்றது.

இடிந்தவை எல்லாம் அழுது புலம்பத்தக்கவையோ என்றால், அதுவும் இல்லை. புதுச்சேரிக் கோயிலினுள், சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. ஒரே பீடத்தில் பலியான ஒரே ஆண்டவரை இரு புறமும் நின்று வழிபட்டனர்! 1745-ஆம் ஆண்டு, தாழ்த்தப்பட்ட மக்கள் துணிந்து குருக்களிடம் நியாயம் கேட்க, அச்சுவர் இடிக்கப்பட்டது. மேற்சாதியார் சிலர் சினந்து எழுந்தனர். பிரிவினையும் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் அந்தச் சுவர் விழுந்த நாள் நல்ல நாள். அதற்காக நாம் ஏங்க வேண்டுவதில்லை. ஆனால் மறக்கவும் கூடாது. அப்படி ஒரு சுவர் இருந்தது என்பதை மறந்த சபை, கண்ணுக்குத் தெரியாத சுவர்களை மீண்டும் எழுப்பத் தயங்காது.

அன்பு வாசகர்களே, இச்செய்திகளெல்லாம் நமக்கு எவ்வாறு கிடைத்தன? கோயிலின் இடிப்பும், சுவரின் இடிப்பும், தெருவில் மக்கள் பேசிக்கொண்டதும் இத்துணைத் தெளிவாக நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு மனிதர், ஒரு பேனா. ஆனந்தரங்கப் பிள்ளை தூப்ளேயின் துபாஷியாக இருந்தவர், வணிகர், குடும்பத்தவர். 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் தமிழில் எழுதி வைத்தார். 1761 சனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், அவர் உயிர் நீத்தார். அவர் வாழ்ந்த நகரம் இடிந்தது; அவர் எழுதிய குறிப்பு நின்றது. 1846-இல்தான் அக்குறிப்பேடுகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பீரங்கி அழித்ததைக் காகிதம் காத்தது.

கோட்டைக்குள் இருந்தவர்களைப்பற்றிக் கம்பெனியின் ஏடுகள் பேசும். ஆனால், வானத்திலிருந்து குண்டு வந்து விழ, ஒரு காலைப் பொழுதில் வேறோர் அரசுக்குக் குடிகளாகிப்போன உழவரும் மீனவரும் என்ன எண்ணினர்? யாரும் எழுதவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. அவர்களிடமிருந்து நமக்கு எஞ்சியது 'குண்டு' என்னும் ஒரு சொல்லே. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறிய இடமென மரபு கூறும் கரையேறவிட்டகுப்பம் ஆகட்டும், புனித பவுலின் பெயர் மருவிய சம்பா கோயில் ஆகட்டும், பெயர்களே எளிய மக்களின் கல்வெட்டுகள். தெருவின் பெயரை மாற்றும்போதும், ஊரின் பெயரைச் சுருக்கும்போதும் நாம் ஒரு கல்வெட்டை உடைக்கின்றோம் என்பதை உணர வேண்டும்.

போர் ஒன்றுதான் அழிக்கும் என்பதுமில்லை. 1957-இல் நெய்வேலியில் நிலக்கரிக்காக அகழ்வு தொடங்கியபோது, நாட்டுக்கு ஒளி தருவதற்காகப் பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. தேவனாம்பட்டினத்தில் கோட்டை இல்லாவிடினும், 'இதோ, இம்மண்ணில் இருந்தது' என்று விரல் நீட்டிக் காட்டலாம். சுரங்கம் விழுங்கிய ஊர்க்காரருக்கு அந்த மண்ணே இல்லை. முன்பு களமும் கேணியும் இருந்த இடத்தில் ஆழ்ந்த பள்ளமே உள்ளது. 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினமும் அதில் துயருற்றது. 2011 திசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. பாட்டன் நட்ட மரத்தில் பேரன் பழம் பறித்த தோப்புகள் ஒரே காலையில் வெட்டவெளியாயின. அன்று விழுந்த மரத்தின் கீழ் உட்கார்ந்து அழுத பெரியவர்கள், விளைச்சலை மட்டும் எண்ணி அழுதார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

இனி நம் இல்லத்துக்கு வருவோம். கோட்டையை இலாலி இடித்தார். சம்பா கோயிலை ஆங்கிலேயர் இடித்தனர். நம் பங்குகளில் பழைய கோயில்களை இடிப்பவர் யார்? நாமேதான். கூட்டம் பெருகிவிட்டது, சுவர் வெடித்துவிட்டது, ஓடு ஒழுகுகின்றது என்கிறோம். பல இடங்களில் அது உண்மையே. புதுக்கோயில் கட்டுவது புண்ணியமான பணி. அதற்காகக் காதுத் தோட்டைக் கழற்றித் தரும் ஏழைத் தாய்மாரை நான் அறிவேன். ஆனால் புதுக்கோயிலுக்கு நாள் குறித்த மகிழ்ச்சியில், பழைய கோயிலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விடைகொடுத்துவிடுகிறோம். அடிக்கல்லில் பொறித்த எழுத்து சல்லியோடு சல்லியாகிறது. கைவேலைப்பாடு மிக்க மரப்பீடம் விறகாகிறது. கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிய சிலுவைகள் ஓரமாகக் குவிக்கப்படுகின்றன. பஞ்ச காலத்தில் ஒருவேளைக் கஞ்சியைக் குறைத்துக்கொண்டு அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தவர்களின் பெயர் அன்றோடு அற்றுப்போகிறது.

நம் மறைமாவட்டத்தில் விருத்தாசலம் பக்கத்திலுள்ள கோணான்குப்பத்தை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் பிறந்து, தமிழுக்குத் 'தேம்பாவணி' தந்த வீரமாமுனிவர் அங்கே பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பினார். முகாசபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் அதற்குத் துணைநின்ற வரலாற்றை இன்றும் அவ்வூர் மக்கள் வாயாரச் சொல்லுகின்றனர். கோயிலும் நிற்கிறது, கதையும் நிற்கிறது. கதையைச் சொல்லும் மக்கள் இருக்குமிடத்தில் கல்லுக்கும் ஆயுள் நீளும்.

இது நமது பொழுதுபோக்குக்கான செய்தி அன்று. திருச்சபையின் கடமையே ஆகும். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் பங்குதோறும் பதிவேடுகள் வைக்கக் கட்டளையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி, திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை ஒழுங்காக எழுதவும், பழைய ஏடுகளைக் கருத்தாய்க் காக்கவும் பணிக்கின்றது. 1997-இல் திருச்சபையின் ஆவணக் காப்பகங்களைக் குறித்து உரோமையிலிருந்து தனிச் சுற்றுமடலே வந்தது. கரையான் அரிக்கும் ஒரு பழைய திருமுழுக்கு ஏட்டில், வேறெந்த வரலாற்றிலும் இடம்பெறாத கூலியாளின் பெயரும், அவன் மனைவியின் பெயரும், ஞானத்தந்தையின் பெயரும் மையில் நிற்கின்றன. அரசர்கள் தம் பெயரைக் கல்லில் வெட்டினர். ஏழையின் பெயரைத் திருச்சபை ஏட்டில் எழுதியது. அந்த ஏட்டைப் பாழாக விடுவது ஏழையை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

ஆகவே, பங்குக் குடும்பங்களுக்கு எளிய சில விண்ணப்பங்கள். முதலாவது, உங்கள் பங்கில் பழைய கோயிலையோ, மணிக்கூண்டையோ, பள்ளியையோ இடிக்க நேர்ந்தால், இடிப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். நாற்புறமும் நிழற்படம் எடுங்கள். நீள அகலம் அளந்து குறியுங்கள். கல்வெட்டையும் கல்லறை எழுத்துகளையும் பார்த்து எழுதுங்கள். அடிக்கல்லைப் புதுச்சுவரில் கண்ணில் படும்படி பதியுங்கள். இரண்டாவது, பழைய ஏடுகளை ஈரமும் கரையானும் அணுகாதபடி பேணப் பங்குத் தந்தைக்குத் துணைநில்லுங்கள். இளைஞர்கள் அவரது அனுமதியுடன் அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். மூன்றாவது, ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுத் தாத்தா பாட்டியின் அருகில் உட்காருங்கள். 'நம் வீட்டார் இந்த ஊருக்கு எப்போது வந்தார்கள்? முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் யார்? பழைய கோயில் மணி எப்படி ஒலிக்கும்?' என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள். பெருமைக்குரியதை மட்டுமன்று, வெட்கப்படத்தக்கதையும் எழுதுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை செய்ததும் இவ்வளவே.

இசுரயேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவரச் செய்தார் யோசுவா. அவற்றைக் கொண்டு கோட்டையும் கட்டவில்லை, அரண்மனையும் கட்டவில்லை. பிற்காலத்தில் பிள்ளைகள், 'இந்தக் கற்கள் எதற்கு?' என்று கேட்க வேண்டும். கேட்டால் பெற்றோர் விடை சொல்ல வேண்டும். அதற்காகவே அவை நாட்டப்பட்டன. கல் நாட்டுவதோடு யோசுவாவின் வேலை முடிந்தது. விடை சொல்லும் வேலை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது.

சாலையோரத்தில் வெயிலில் நின்ற அந்த அம்மையாரிடம், அம்மரத்தைப்பற்றி யாரேனும் கேட்டிருப்பார்களா? யார் நட்டார், எத்தனை பேர் அதன் நிழலில் சுமையிறக்கினர், மணப்பெண்ணாய் அவர் வந்திறங்கிய அன்று அது எப்படி இருந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மரத்தை இனி மீட்க இயலாது. அவர் இருக்கும்வரை கதையை மீட்கலாம். அவரைப் போன்ற ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறார், போய்க் கேளுங்கள்.